இட்டைட்டியர் விழாப் பலகைகளும் யாசிலிகாயாப் பாறைக் கோயிலும்

பண்டைச் சமயங்களை ஆராய்வோர்க்குக் கிடைக்கும் சான்றுகள் இருவகைய. ஒன்று எழுத்து, மற்றொன்று இடம். இவ்விரண்டும் ஒருங்கே கிடைத்தவிடத்து உண்மை எளிதிற் புலப்படும் என எண்ணுதல் இயல்பு. ஆயின், அவற்றை இணைக்கும் முறை செம்மையாக இல்லாவிடின், சான்றின் மிகுதியே மயக்கத்துக்கு ஏதுவாகும். இவ்வுண்மையைக் காட்டவல்லது இட்டைட்டியர் சமயம் பற்றிய ஆராய்ச்சி வரலாறு.

இன்றைய துருக்கி நாட்டின் நடுப்பகுதியில், அத்துசாவைத் தலைநகராகக் கொண்டு, கி.மு. 17ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆண்டவர் இட்டைட்டியர். அந்நகரில் 1906இல் தொடங்கிய அகழ்வுகளாற் கிடைத்த களிமண் பலகைகளும் துண்டுகளும் ஏறத்தாழ 30,000 ஆகும். அவற்றின் மொழி இந்தோ-ஐரோப்பிய இனத்தது என்பதை உரோசினி என்னும் அறிஞர் 1915இல் நிறுவினார். இப்பலகைகளுள் பெருந்தொகையின விழா முறைகளைக் கூறுவன. இவற்றை விளக்குவதில் அறிஞர் கைக்கொண்ட முறைகளுள் ஏற்பனவும் ஏலாதனவும் எவை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

விழாப் பலகைகளின் இயல்பு

இப்பலகைகள் பாட்டும் அல்ல, புராணமும் அல்ல. அரசனும் அரசியும் எந்நாளில் எவ்விடம் செல்லல் வேண்டும், எத்தெய்வத்துக்கு எதனைப் படைத்தல் வேண்டும், அப்பம் பிட்பவன் யார், இசை எழுப்புபவன் யார் என்பவற்றை நிரலே கூறும் ஏவல் நூல்கள் அவை. பலகையின் இறுதியில் நூல் முடிந்தது என்றோ முடியவில்லை என்றோ எழுத்தர் குறித்து வைத்தனர். ஒரே செயலைப் பல்கால் கூறுதலின், இவை சுவையற்றன எனச் சிலர் ஒதுக்கினர். கூறியது கூறலை நூற்குற்றமாகக் கொள்ளும் நாம், ஏவல் நூலில் அஃது இன்றியமையாத இயல்பு என்பதை உணர்தல் வேண்டும்.

இளவேனிலில் நடந்த ஆந்தாசும் விழா இதற்கு நல்ல சான்று. ஒரு செடியின் பெயரால் அமைந்த அவ்விழா 38 நாள் நடைபெற்றது. அதன் நாள்முறைச் சுருக்கத்தைக் கூட்டர்பாக் 1960இல் பதிப்பித்தார். அரசன் ஊர்தோறும் சென்று தலைநகர் மீளும் வழி முழுவதும் அதிற் காணலாம். பதினொன்றாம் நாள் அரண்மனை ஏவலர் தலைவன் ‘ஆண்டினை’ எசுதி இல்லத்துக்கு எடுத்துச் செல்கிறான், அரசன் பின்செல்கிறான். காலமே கையில் ஏந்தத்தக்க பொருளாகி, பெயர் குறித்த ஓர் இல்லத்தில் வைக்கப்படுகிறது.

சிற்றூர் விழாக்களும் இவ்வாறே. கி.மு. 13ஆம் நூற்றாண்டின் கோயிற் கணக்குப் பலகைகள், இலையுதிர் காலத்தில் தானியத்தைத் தாழியில் இட்டு மூடி, இளவேனிலில் இடி முழங்கியபின் அதனைத் திறந்து, அரைத்து, அப்பம் சுட்டமையைக் கூறுகின்றன. பின்னர்த் தெய்வ வடிவத்தை ஊர்ப்புறத்தே நிறுத்திய உவாசி என்னும் நடுகல்லுக்குக் கொண்டு செல்வர். உண்டு பருகி, மற்போர் ஆடித் தெய்வத்தை மகிழ்விப்பர். மாலையில் கோயிலுக்கு மீட்பர். கோயில், வழி, கல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவர்தம் புனித இடம்.

கதையைத் தனித்தெடுத்தல்

புருல்லி விழாவைச் சார்ந்தது இல்லுயங்கா என்னும் பாம்பின் கதை. இடித்தெய்வத்தை வென்ற பாம்பினை இனாரா என்னும் தெய்வமகள் விருந்துக்கு அழைத்து, உண்டு பருத்துத் தன் வளைக்குள் புகமாட்டாத நிலையில் உபாசியா என்னும் மானிடனாற் பிணிக்கச் செய்தாள் என்பது அதன் ஒரு வடிவம். காசுட்டர் 1950இல் வெளியிட்ட ‘தெசுபிசு’ என்னும் நூலில், இதனைப் பருவந்தோறும் நடிக்கப்பட்ட கூத்தின் எஞ்சிய பகுதியாகக் கொண்டார்.

இக்கொள்கை கவர்ச்சி உடையதே. பலகையோடு முற்றும் பொருந்துவதன்று. இக்கதை நெரிக் நகரத்து இடித்தெய்வத்தின் பூசகன் கெல்லா கூறியது என்றும், நாடு வளர்க என வேண்டிப் புருல்லி நிகழ்த்தும்போது கூறப்படுவது என்றும் பலகை தொடங்குகிறது. நடித்தல் பற்றி அது யாதும் கூறவில்லை. கதைகள் முடிந்தபின், தெய்வங்களின் இருக்கை வரிசையும், அரசன் அளித்த வயலும் திராட்சைத் தோட்டமும் களமும் பேசப்படுகின்றன. கதையை மட்டும் பெயர்த்தெடுப்போர் இவ்விறுதிப் பகுதியைப் பொருட்படுத்துவதில்லை. பலகையை முழுதும் நோக்கின், தெய்வத்தின் வெற்றியும் அத்தெய்வத்துக்கு உரிய நிலமும் ஒரே செய்தியின் இரு கூறுகள் என்பது விளங்கும்.

இடத்தின் இன்றியமையாமை

விழாவும் இடமும் அவர்க்கு எத்துணைப் பெரியன என்பதை அரசர் கூற்றுகளே காட்டும். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சி புரிந்த இரண்டாம் முர்சிலி, அத்தி நாட்டு இடித்தெய்வத்துக்கும் சிப்பலாண்டா நகரத்து இடித்தெய்வத்துக்கும் புருல்லி நிகழ்த்தியிருந்தும், இலெல்வானி தெய்வத்துக்கு எசுதி இல்லத்தில் நிகழ்த்தாமையால், அதற்கெனவே அத்துசா வந்ததைத் தன் ஆட்சிக் குறிப்பிற் பதிந்துள்ளான். நாட்டைக் கொள்ளைநோய் வாட்டியபோது, மாலா ஆற்றுக்குரிய படையல் கைவிடப்பட்டமையும் அதற்குக் காரணம் எனப் பழம்பலகையால் அறிந்து வருந்தினான்.

நெரிக் நகரம் காசுகர் கைப்பட்ட காலத்து, அர்னுவாண்டா என்னும் அரசனும் அசுமுனிக்கல் என்னும் அரசியும் செய்த வேண்டுகோள் இன்னும் தெளிவானது. நெரிக் தெய்வத்துக்கு உரிய அப்பமும் கள்ளும் ஆடுமாடுகளும் அத்துசாவிலிருந்து அக்மிசு நகருக்கு விடுக்கப்பட்டன. அவற்றை வழியிற் காக்குமாறு காசுகர்க்குப் பரிசில் தந்து சூளுறவு வாங்கினர். பரிசிலைப் பெற்றவர் சூளைத் துறந்து படையலைப் பறித்தனர். இடம் பறிபோயினும் அவ்விடத்துத் தெய்வத்துக்குரிய கடமை நீங்கவில்லை. ஓரிடத்துக்கு உரியதைப் பிறிதோர் இடத்துக்கு எளிதில் மாற்றும் மனப்பான்மை அவரிடம் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

பாறைக் கோயில்

இனி, யாசிலிகாயாவை நோக்குவாம். அத்துசாவின் வடகிழக்கே, நகர்க்குப் புறத்தே அமைந்த இப்பாறைக் கோயிலின் பெரிய அறையில், இடப்பக்கத்தே பெரும்பாலும் ஆண் தெய்வங்களும் வலப்பக்கத்தே பெண் தெய்வங்களும் அணிவகுத்து வந்து நடுவிடத்தில் எதிர்ப்படுகின்றன. அவ்விடத்தே தெசுப்பும் எபாத்தும் தலைமை பெற்று நிற்கின்றனர். தெய்வப் பெயர்கள் ஊரிய மொழியின. இவ்வரிசை, பலகைகளிற் கண்ட ஊரியப் படையல் வரிசையோடு ஒத்துச் செல்வதை லாரோசு 1952இல் காட்டினார். எழுத்தும் கல்லும் பெயர்க்குப் பெயர் ஒப்புநோக்கப்பட்டமையின், இம்முடிபு வலிமை உடையது.

இங்கே புத்தாண்டு விழா நிகழ்ந்தது என்னும் கருத்து அத்துணை வலிமை உடையதன்று. ஆட்டன் 1956இல் வெளிப்படுத்திய சிறு பலகை, ஆண்டின் தொடக்க விழாவுக்குத் தெய்வங்கள் யாவும் இடித்தெய்வத்தின் இல்லத்திற் கூடியதைக் கூறுகிறது. பாறையிலும் தெய்வங்கள் கூடுகின்றன. ஆகவே இரண்டும் ஒன்று என்பர். ஆயின், பலகை குறிப்பது இடித்தெய்வத்தின் இல்லம்; அது பாறைக் கோயிலே எனப் பலகை கூறவில்லை. ‘ஆண்டு’ கொண்டுசெல்லப்பட்ட இடமும் எசுதி இல்லம் எனப் பிறிதோர் பெயர் பெற்றுள்ளது.

சாங்கர், கௌச்சி என்போர் 2019இல், உருவங்களின் தொகையைக் கொண்டு, இஃது 12 மாதங்களையும் 30 நாட்களையும் 19 ஆண்டுச் சுழற்சியையும் கணிக்கும் இடம் என்றனர். எண்கள் ஒத்துவருதல் எண்ணத்தைத் தூண்டலாம். எனினும், அத்தகைய கணிப்பை இவ்விடத்தோடு சார்த்தும் பலகை ஒன்றேனும் காட்டப்பட்டிலது. எண் ஒப்புமை ஒன்றே சான்றாயின், பிற எண்களும் பிற பொருள்களுக்கு இடந்தரும்.

சிறிய அறையைப் பற்றிய கருத்து இவ்விரண்டினும் மேம்பட்டது. அங்கே சர்ருமா என்னும் தெய்வம் நான்காம் தூதலியாவைத் தழுவி நிற்கிறது. வாள் வடிவத் தெய்வமும் உள்ளது. அவ்வரசன் மகன் இரண்டாம் சுப்பிலுலியுமா தன் தந்தைக்கு உருவம் சமைத்து ‘நிலைத்த சிகரம்’ ஒன்றில் நிறுவியதைப் பலகை கூறுகிறது. ஆகவே, இவ்வறை அவன் நினைவிடம் என்றல் பொருந்தக்கூடும். ஆயினும், அச்சிகரம் எங்குள்ளது எனப் பலகை சுட்டாமையின், இதனையும் ஐயத்தின் நீங்கிய முடிபாகக் கொள்ளலாகாது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், சான்றுகளை மூன்று படிகளாகப் பகுத்தல் தகும் என்க. பலகையே இடத்தைப் பெயர் சுட்டிக் கூறுவது முதற்படி. எழுத்தும் கல்லும் பெயரளவில் ஒத்து நிற்பது இரண்டாம் படி. தோற்றமோ எண்ணோ மட்டும் ஒப்பது மூன்றாம் படி. எசுதி இல்லத்து விழா முதற்படியிலும், லாரோசின் தெய்வ வரிசை இரண்டாம் படியிலும், புத்தாண்டுக் கொள்கையும் நாட்கணிப்புக் கொள்கையும் மூன்றாம் படியிலும் அடங்கும். நினைவிடக் கொள்கை பின்னைய இரு படிகளுக்கும் இடைப்பட்டது. மூன்றாம் படியின வற்றை விலக்க வேண்டுவதில்லை. முதற்படியின போல நூல்களில் எழுதுதலே தவறு. படையல் ஓரிடம் தவறியதற்கு நாடே நோயுற்றது என நம்பிய மக்களின் விழாக்களுக்கு, அவர் கூறாத இடத்தை நாம் கற்பித்துக் கூறுதல் அவர்தம் சமயத்தை அறியும் நெறியாகாது.