98 விழுக்காடு போதுமா?

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த ஒரு செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நீரில் 98 விழுக்காட்டை மீட்டெடுத்துவிட்டதாக அமெரிக்காவின் நாசா நிறுவனம் அறிவித்தது. நெடும் பயணங்களுக்கென்று வைத்திருந்த இலக்கு அதுவே. பாராட்டில் தவறில்லை. ஆனால் இந்த ஓர் எண்ணைக் கொண்டு மட்டும் அக்கருவிகளை எடைபோடுவது சரியன்று என்பது என் கருத்து.

கதையைச் சற்று முன்னிருந்து பார்ப்போம். சிறுநீரைக் காய்ச்சி வடித்து நீராக்கும் கருவி 2008 நவம்பரில் எண்டெவர் விண்வெளி ஓடத்தில் நிலையத்துக்குச் சென்றது. அடுப்பில் உலை வைப்பது போன்ற எளிய வேலையன்று இது. எடையற்ற நிலையில் ஆவி மேலே போவதுமில்லை, நீர் கீழே தங்குவதுமில்லை. ஆகவே சுழலும் உருளை ஒன்றில், குறைந்த அழுத்தத்தில் காய்ச்சுகிறார்கள். 85 விழுக்காடு நீர் கிடைக்கவேண்டும் என்பது திட்டம். தரையில் கிடைத்தது; மேலே போனதும் உருளைக்குள் கால்சியம் சல்ஃபேட் படிந்து கருவி நின்றுபோயிற்று!

காரணம் என்ன? எடையற்ற வாழ்வில் எலும்பு கரைகிறது. கரைந்த கால்சியம் சிறுநீரில் வெளியேறுகிறது. சோதனைக்குச் சிறுநீர் தந்த தரைவாசிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. சிறுநீர் கெடாதிருக்கச் சேர்த்த கந்தக அமிலம் கால்சியத்தோடு கூடிப் படிவாயிற்று. (இதே உப்பின் ஒரு வகையைத்தான் முறிந்த எலும்புக்கு மாவுக்கட்டாகப் போடுகிறோம்!) அளவைக் குறைத்து ஓட்டிப் பார்த்தார்கள், பின்னர் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். விண்வெளியில் சோதிப்பதன் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை எனலாம்.

பிறகு, எஞ்சிய உப்புக் கரைசலையும் சவ்வுப் பைகளில் இட்டு, வெதுவெதுப்பான காற்றால் உலர்த்தி நீரை மீட்கும் கருவி வந்தது. மொத்த மீட்பு 93, 94-லிருந்து 98 ஆயிற்று. இது சிறுநீருக்கு மட்டுமான கணக்கன்று; வியர்வையும் மூச்சில் வெளிவரும் ஈரமும் இதில் அடக்கம்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2024-இல் சிறுநீர்க் கருவியின் பம்பு எதிர்பார்த்ததற்கு முன்பே பழுதாயிற்று. கழிவைக் கலங்களில் சேமித்து வைக்க நேர்ந்தது. அந்த ஜூனில் புறப்பட்ட ஸ்டார்லைனர் கலத்தில் புதுப் பம்பை ஏற்றினார்கள். அதற்கு இடம் வேண்டி, சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் இருவரின் துணிப்பெட்டிகளை இறக்கிவிட்டார்கள்! சில நாள் பயணமென்று போன அவ்விருவரும் ஒன்பது மாதங்களுக்குப் பின்னரே திரும்பினார்கள்.

சோதனைக்கூடத்துக்கு உதிரிப் பாகம் அனுப்புவது குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். குற்றமில்லை. நிலையம் இருப்பது 400 கிலோமீட்டர் உயரத்தில். சரக்குக் கலங்கள் அடிக்கடி போய்வருகின்றன. செவ்வாய்க்கோ ஒருவழிப் பயணமே ஆறு மாதங்களுக்கு மேல். வழியில் பம்பு நின்றால் 98 என்ற எண் சுழியாகிவிடும். எனவே, மீட்ட நீரின் அளவை அறிவிக்கும்போது, அதை மீட்ட கருவி பாகம் மாற்றாமல் எத்தனை நாள் ஓடியது என்பதையும் அதே வரியில் சேர்த்து அறிவிக்கவேண்டும்.