காதுக்குள் யார் பேசுகிறார்கள்?

எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது கேட்டுவிடுவார்கள்: “அது ஸ்கிசோஃப்ரினியாதானே?” 1993-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். மகாலிங்கத்தின் காதுகளுக்குள் குரல்கள் ஓயாமல் ஏசுகின்றன, ஆபாசம் பேசுகின்றன. வெங்கட்ராம் தன் அனுபவத்திலிருந்து எழுதியது என்பதால் கேள்வி இயல்புதான். ஆனால் ‘ஆமாம்’னு பதில் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறதே, அங்கேதான் எனக்குச் சிக்கல். எதிர்த்தரப்போ, ‘இது தீய சக்திக்கும் முருகனுக்குமான போர்’ என்று முடித்துவிடுகிறது. இரண்டுமே பெயர் ஒட்டுகிற வேலை.

நான் உத்திரமேரூர்க்காரன். எங்கள் ஊரின் புகழே ஒரு பட்டியல்தான். முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது: குடவோலையில் பெயர் எழுத வயது 35-க்கு மேல், 70-க்குள், வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்பது அதில் துல்லியம். வெளியே நிற்பவனுக்கு நிலம் ஏன் இல்லை என்பது அதில் இருக்காது. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்கிற அமெரிக்க மனநலக் கையேடும் இந்த வகைதான். ஐந்து அறிகுறிகளில் இரண்டாவது இருக்கணும், பாதிப்பு ஆறு மாதமாவது நீடிக்கணும். குரல் கேட்பது கணக்கில் வரும். குரல் என்ன சொன்னது என்பது பெரும்பாலும் வராது.

இதற்கு மாற்றாக உளவியலாளர்கள் முன்வைப்பது ஃபார்முலேஷன். பாதிக்கப்பட்டவரோடு உட்கார்ந்து, அவருக்கு என்ன நடந்தது, அதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார், தாக்குப்பிடிக்க என்ன செய்தார் என்று சேர்ந்தே கட்டும் ஒரு விளக்கம். தப்பென்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். 2018-இல் பிரிட்டனில் லூசி ஜான்ஸ்டன், மேரி பாயில் முதலானோர் இதை ஒரு முழுச் சட்டகமாகவே வெளியிட்டார்கள். அதற்கும் முன்னால், 1987-இல், நெதர்லாந்தின் மனநல மருத்துவர் மாரியஸ் ரோம் குரல் கேட்பவர்களைத் தொலைக்காட்சி வழியாக அழைத்தபோது, மருத்துவமனைப் பக்கமே போகாமல் குரல்களோடு வாழ்ந்தவர்களும் பேச முன்வந்தார்கள்.

இப்படி வாசித்தால் ‘காதுகள்’ வேறு நாவல். வசதி போய் வறுமை வந்த வீடு, சோறு போடாத எழுத்து, விடாத முருக பக்தி. இவற்றுக்கு நடுவில் அந்தக் குரல்கள் எதைக் குறிவைத்து அசிங்கப்படுத்துகின்றன? பெரும்பாலும் அவன் புனிதமென்று வைத்திருப்பதைத்தான். குரல் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அது எந்த இடத்தில் அடிக்கிறது என்று பார்த்தால்தான் மகாலிங்கம் என்கிற ஆள் தெரிகிறான்.

ஆனால் கதை சொல்வதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. எங்க ஊர்ப்பக்கம் கதைக்கா பஞ்சம்? ‘காத்து கருப்பு அடிச்சிருக்கு’, ‘பங்காளி ஏதோ வச்சிட்டான்’. இவையும் ஒருவகை ஃபார்முலேஷன்தான். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமலே ஊர் எழுதிவிடுகிறது. அப்படி எழுதிய கதைகள் எங்கே போய் முடியும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள்.

இன்னொன்று, நோயின் பெயர் இல்லாமல் சான்றிதழ் கிடையாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு என்று மருத்துவர் எழுதித்தர வேண்டும். வயல் வேலைக்கும் ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கும் போக முடியாத ஒருத்தருக்கு அந்தக் காகிதம் அரிசி. மாத்திரையால் தூக்கம் வருகிறவர்களும் இருக்கிறார்கள். ‘லேபிளே வேண்டாம்’னு நகரத்திலிருந்து சொல்வது சுலபம்.

அதனால் பெயரைக் கிழித்தெறியச் சொல்லமாட்டேன். பெயர் சீட்டில் இருக்கட்டும், விசாரிப்பு அதோடு நிற்கக்கூடாது. விமர்சனத்துக்கும் இதுதான் என் கோரிக்கை. ‘காதுகள்’ என்ன நோய் என்று அடுத்த முறை யாராவது கேட்டால், “அந்தக் குரல் அவன்கிட்ட என்னதான் சொல்லுது, படிச்சீங்களா?” என்று திருப்பிக் கேளுங்கள்.