தந்தையைக் காத்த பொய்

புராதன உலகைச் சித்திரிக்கும் திரைப்படங்களில் சரித்திரப் பிழைகளைத் தேடித் தொகுப்பது பண்டிதர்களுக்கு எளிய காரியம்; அவற்றுள் எது மன்னிக்கத்தக்கது, எது கதையின் ஜீவனையே குறுக்கிவிடுவது என்று தரம் பிரிப்பதுதான் விமர்சகனின் கடமை. 2000ஆம் ஆண்டில் ரிட்லி ஸ்காட்டின் இயக்கத்தில் வெளிவந்த ‘கிளாடியேட்டர்’ இப்பரிசீலனைக்கு உகந்த உதாரணம்.

அப்படத்தின் பெருமையை முதலில் சொல்லுவதே நியாயம். கொலோசியத்தின் இடிந்த சுவர்களை நேரில் கண்டவனும் தன் மனத்தில் எழுப்பிக்கொள்ள இயலாத ஜனத்திரளின் ஆரவாரத்தையும், அதன் நடுவே மணலில் தனித்து நிற்கும் அடிமையின் நெஞ்சுரத்தையும் அது நம் கண்முன் நிறுத்திவிடுகிறது. கதாநாயகனான தளபதி மாக்சிமஸ் முழுக் கற்பனை என்பது குறையாகாது; கலைஞனுக்கு அந்த உரிமை உண்டு. கட்டைவிரலைச் சாய்த்து மரணம் விதிக்கும் வழக்கமும், 1872இல் பிரெஞ்சு ஓவியர் ழேரோம் தீட்டிய சித்திரத்தால் உலகெங்கும் பரவிய நம்பிக்கையே. விரல் எத்திசை நோக்கியது என்று பழைய லத்தீன் நூல்கள் தெளிவாகக் கூறவில்லை. இயக்குநரை இக்கதைபால் ஈர்த்ததே அச்சித்திரந்தான் என்பதால், இப்பிழையையும் பொறுக்கலாம்.

பொறுக்கவொண்ணாதது வேறு. தத்துவஞானியான சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ், மகன் கொமோடஸை விலக்கிக் குடியரசை மீட்க விழைந்ததாகவும், அதனால் அம்மகனே அவரை மார்போடு அணைத்து மூச்சடைத்துக் கொன்றதாகவும் படம் காட்டுகிறது. உண்மையிலோ, 177ஆம் ஆண்டிலேயே கொமோடஸைத் தம்முடன் இணைச் சக்கரவர்த்தியாக அமர்த்தியவர் அவரே. 180இல் அவர் நோயுற்று மாண்டார். நெர்வா முதல் அன்டோனினஸ் வரை நால்வரும், பின்தொடர மகனில்லாமையால், தக்கவர்களைத் தத்தெடுத்து நாட்டை ஒப்படைத்திருக்க, மகனைப் பெற்றிருந்த ஞானியோ பாசத்துக்கோ வழக்கத்துக்கோ பணிந்து சாம்ராஜ்யத்தை அவன் கையில் தந்தார். புலன்களை வென்றவர் இந்த இடத்தில் சறுக்கினார் என்பதைவிடத் துயரமான நாடகம் உண்டோ? கொலைப் பழியை மகன்மீது ஏற்றியதால், தந்தையின் பிழையைப் படம் மறைத்துவிட்டது.

கொமோடஸின் ஆட்சியும் படத்தில் காண்பதுபோல் விரைவில் அரங்கில் முடியவில்லை. 192இன் கடைசி நாளில் நார்சிசஸ் என்ற மல்லன் கழுத்தை நெரிக்கும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. தீக்கோழியின் தலையை வெட்டி ஏந்தி கொமோடஸ் செனட்டர்களை நோக்கி வந்தபோது, எழுந்த சிரிப்பை அடக்கி உயிர்பிழைக்கத் தம் மாலையின் லாரல் இலைகளை மென்றதாக, அங்கிருந்த செனட்டரும் சரித்திராசிரியருமான காசியஸ் டியோவே எழுதியிருக்கிறார். கொடுங்கோன்மையின் கோமாளித்தனமும் அச்சமும் ஒருங்கே தெரியும் அக்காட்சியையும் படம் இழந்தது.

திரைப்படம் பாடநூலாக வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. உண்மையை விட்டு விலகுபவன், விட்டதைவிடப் பெரிய உண்மையை அடைந்திருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. இங்கே விட்டுவந்தது பெரிது, அடைந்தது ஒரு வில்லன்.