இழை நீளமும் விதை வளமும்

நூல் என்னும் ஒரே சொல்லால் ஆடைக்குரிய இழையையும் அறிவுக்குரிய ஏட்டையும் குறித்தவர் தமிழர். பவணந்தி முனிவரும் நன்னூற் பாயிரத்தில் இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினார். பஞ்சு செடியில் எவ்வாறு இழையாகிறது என்பதை இன்று மரபணு அளவில் ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சிகளுள் ஒன்று, பருத்தி வேளாண்மையே இல்லாத சிங்கப்பூரில் நிகழ்ந்தது என்பது வியப்பன்றோ? சிராங்கூன் சாலைக் கடைகளில் பருத்திச் சேலையை விரித்துப் பார்த்து வாங்குவோர்க்குக் கெண்ட் ரிட்ஜில் உள்ள ஆய்வகத்தின் இப்பணி அறிமுகமாயிருத்தல் அரிது.

தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது தெமாசிக் உயிர் அறிவியல் ஆய்வகம். அதன் ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட பருத்தி ஆய்வுரை இங்கு மதிப்பிடத் தக்கது.

பஞ்சின் ஒவ்வோர் இழையும் ஓர் உயிரணுவே. விதையின் மேற்றோலில் தோன்றும் அது, மலர் விரியும் நாளையொட்டி நீளத் தொடங்கி, ஏறத்தாழ இருபது நாள் வளர்கிறது. பின்னர்ச் செல்லுலோசு படிந்து தடிக்கிறது. எனவே, நீளத்தை ஆளும் மரபணுவை அறிவது நூற்புக்கே அடிப்படையை அறிவதாகும்.

பருத்தியில் மரபணு மாற்றம் செய்து செடி வளர்ப்பது நெடுங்காலம் பிடிக்கும் வேலை. ஆதலின் இவ்வாய்வினர், புகையிலையைத் தாக்கும் நச்சுயிர் ஒன்றைக் கருவியாக்கினர். அதனுள் பருத்தி மரபணுவின் ஒரு துண்டைப் பொருத்தினர். நச்சுயிரை எதிர்க்க முனையும் செடி, அத்துண்டை ஒத்த தன் சொந்த மரபணுவின் செய்தியையும் சிதைத்துவிடுகிறது. இலையில் பலித்த இம்முறை இனப்பெருக்க உறுப்புகளிலும் பலிக்கும் என்று காட்டியதே ஆய்வின் முதற்சிறப்பு.

இரண்டு மரபணுக்களை அவர்கள் ஆராய்ந்தனர். சப்பானிய வாளின் பெயரால் வழங்கும் கட்டானினை அடக்கியபோது இழை குறுகியது. விதையின் பருப்பில் எண்ணெய் விகிதம் உயர்ந்தது. ரிங்கில்டு-1 என்பதை அடக்கியபோது இழை நீண்டது, எண்ணெய் குறைந்தது. செடி ஈட்டும் கரிப்பொருளைப் பங்கிடும் முறையை மாற்றினால் இழையை நீட்டலாம் என்பது அவர்தம் கருத்து. ஒன்று பெருக மற்றொன்று அருகும் என்னும் உண்மையை மறையாது கூறியது இரண்டாம் சிறப்பு.

எனினும், இரு வரையறைகளைக் கருத வேண்டும். இம்முறையால் விளையும் மாற்றம் பொதுவாக அடுத்த தலைமுறைக்கு நிலைத்துச் செல்வதில்லை. எது எதனை ஆள்கிறது என்று காட்டும் சோதனையே அது; உழவன் விதைக்கத்தக்க புதிய விதை அன்று. இரண்டாவது, நீளம் ஒன்றே நன்மை ஆகாது. இழையின் வலிமையும் நுண்மையும் முதிர்ச்சியும் சேர்ந்தே நூலின் தரத்தை முடிவு செய்கின்றன. மேலும், பறித்த பருத்தியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பஞ்சு, மிகுதி விதை. மதுரைத் தெருவில் பருத்திப்பால் பருகியவரும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைத்து வைத்தவரும் அவ்விதையைக் கழிவெனக் கருதார். எண்ணெயை இழந்து பெறும் நீளம் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு? ஆய்வகம் எழுப்பிய வினாவின் மறுபாதி இதுவே. அதற்கு விடை தரவேண்டியது கொல்லை.

கோயம்புத்தூரில் 1974ஆம் ஆண்டு வெளிவந்த சுவின் என்னும் பருத்தி இதற்குச் சான்று. சுஜாதாவையும் செயிண்ட் வின்சென்ட்டையும் கலந்து உருவாக்கியது அது. இரு பெற்றோரின் பெயரும் அதன் பெயரில் உள்ளன. அதன் இழை ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் நீளமுடையது. மிக நுண்ணிய நூலுக்கு உகந்தது. ஆயினும் நெடுநாட் பயிராதலின், அது விளையும் பரப்பு நாளடைவில் சுருங்கியது. நூற்பாலை விரும்பிய நீளம், உழவனின் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

ஆகவே, சிங்கப்பூர் ஆய்வைப் புதுப் பருத்தி கண்டதாகப் புகழ்தலும் தவறு; பயனற்றதெனத் தள்ளுதலும் தவறு. வகுப்பில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், இழையின் நீளத்தைக் கரும்பலகையில் எழுதும்போதே அதன் எதிரில் விதையின் எண்ணெயையும் எழுதுவாராக. வரவோடு செலவையும் காணும் மாணவனே அறிவியலைக் கற்றவன் ஆவான்.