அப்பா என்னும் அயற்சொல்

கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலையில் ஒரு மாலைக் கூட்டத்திற் கேட்ட அருளுரையே இக்கட்டுரைக்குக் காரணம். கெத்செமனே வேண்டுதலை விளக்கிய போதகர், ஆண்டவர் தம் தந்தையை அழைத்த சொல்லும் நம் வீடுகளிற் பிள்ளைகள் அழைக்கும் சொல்லும் ஒன்றே என்றார். ஆகவே இயேசுவின் நாவில் தமிழ் இருந்தது, மலைவாழ் மக்களாகிய உங்களுக்கு இந்நற்செய்தி அந்நியமன்று, பிறப்புரிமை என்று முடித்தார். கூடியிருந்தோர் முகம் மலர்ந்தது. அம்மலர்ச்சியைக் குலைக்கும் விருப்பம் நமக்கில்லை. இக்கருத்து அப்போதகர் ஒருவருடையதுமன்று. நம் பிரசங்க மேடைகளிற் பல்லாண்டுகளாய்ச் சுற்றிவருவது. ஆயினும் இது மொழியியற் பிழையாக மட்டும் நில்லாமல், பவுலடியாரின் வாதத்தையே அடியோடு சாய்த்துவிடுகிறபடியால் இதைக் குறித்து எழுதவேண்டியதாயிற்று.

புதிய ஏற்பாட்டில் இச்சொல் மூன்றிடங்களில் மட்டுமே வருகிறது: மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. இது அரமேய மொழிச் சொல். 'அப்' என்பது தந்தை. ஈற்றில் நிற்கும் ஆகாரம் 'இன்னார்' என்று சுட்டி வரையறுக்கும் உருபு. அவ்வடிவமே விளியாகவும், 'என் தந்தை' என்னும் பொருளிலும் வழங்கிற்று. தமிழிலோ 'அப்பன்' என்னும் பெயர் விளியேற்று 'அப்பா' ஆகிறது. அங்கே ஆகாரம் சுட்டுகிறது, இங்கே அழைக்கிறது. நடுவிலுள்ள மெய்யும் ஒன்றன்று. அரமேயத்தில் ஒலிப்பது 'அம்பு' என்பதிலுள்ள பகரத்தை இரட்டித்தாற்போன்ற ஒலி. நம் எழுத்தில் அதற்குத் தனி வடிவம் இல்லாமையால் 'ப்ப' என்றெழுதுகிறோம்; எழுதியபின் நம் வழக்கப்படியே வல்லோசையாய் வாசிக்கிறோம். ஆகவே நாம் வியக்கும் ஒற்றுமையிற் பாதி, நம் எழுத்து முறை செய்துகொடுத்தது.

மீதிப் பாதிக்கும் காரணம் உண்டு. குழந்தை முதன்முதலில் எழுப்பக்கூடிய ஒலிகள் இதழைச் சேர்த்துத் திறக்கும் பகர மகரங்களே. அவற்றைக் கேட்ட பெற்றோர் தங்களையே அழைப்பதாகக் கொண்டு பெயராக்கிக்கொள்கின்றனர். உலக மொழிகளில் தாய் தந்தையரைக் குறிக்கும் 1072 சொற்களின் தொகுப்பை வைத்துக்கொண்டு ரோமான் யாக்கப்சன் 1960ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கட்டுரையில் இதனை விளக்கினார். பெற்றோர் வைத்துக்கொண்ட பெயர்களாதலால் அவை இடத்துக்கிடம் மாறவும் செய்யும். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை, தாய் 'தேதா'. அவ்வளவு தூரம் போவானேன்? கொங்கு நாட்டில் 'அப்பச்சி' தாயைப் பெற்றவர். நகரத்தார் வீடுகளில் 'அப்பச்சி' தந்தையே.

உறவில்லாத மொழிகளுக்கிடையே சொல் பயணம் செய்வதில்லை என்பது நம் கருத்தன்று. 1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைக் குறிக்கும் எபிரெயச் சொல் தமிழ்த் 'தோகை'யினின்று பிறந்தது என்று கால்டுவெல் முதலாக அறிஞர் பலர் கருதினர், மறுப்பாரும் உளர். ஆனால் அங்கே வாதிட ஏதேனும் இருக்கிறது: பறவை இந்நாட்டது, கப்பல் கடல் கடந்தது, சொல்லும் சரக்கோடு ஏறிற்று எனலாம். தந்தையை அழைக்க எந்த நாட்டாரும் கடல் கடந்து சொல் வாங்க வேண்டியதில்லை.

விந்தை என்னவெனில், மெய்யான உறவு அதே வசனத்தில் அடுத்த சொல்லில் இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பு 'அப்பா பிதாவே' என்கிறது. 'பிதா' வடமொழிவழி நமக்கு வந்தது. கிரேக்கத்தின் 'பதேர்' அதனுடன் ஒரே மூலமொழியிற் பிறந்தது. அதன் முதலசையும் மழலையே என்பாருண்டு. ஆயினும் இவ்விரண்டின் உடன்பிறப்புறவை ஒழுங்கான ஒலிமாற்ற விதிகளால் நிறுவ முடியும். செவிக்கு ஒன்றாய்த் தோன்றுவன உறவினரல்லர். வேறாய்த் தோன்றுவன உடன்பிறந்தார்.

இங்கே நம் மொழிபெயர்ப்புகளைக் குறித்தும் ஒரு குறை சொல்லவேண்டும். மாற்கு தம் நூலில் 'தலீத்தாகூமி', 'எப்பத்தா', 'எலோயீ' முதலிய அரமேயத் தொடர்களை அப்படியே வைத்துப் பொருளும் தருகிறார். தமிழ் வாசகர் அவற்றை அயற்சொல் என்று உடனே அறிவார். 'அப்பா' மட்டும் ஓசையின்றி நம் வீட்டுச் சொல்லாகிவிடுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'அப்பா, தந்தையே' என்று வைத்தபோது இரண்டுமே தமிழாகி, ஒரே பொருளை இருமுறை சொன்னாற்போலாயிற்று. மொழிபெயர்ப்பாளர் வேறென்ன எழுதியிருக்க முடியும் என்று கேட்கலாம். உண்மைதான்; இவ்வொரு சொல்லில் தமிழுக்கு வந்த தற்செயல் பேறே அதற்குத் திரையுமாயிற்று.

இச்சொல் மழலையின் கொஞ்சுமொழி என்னும் எண்ணம் பரவ யோவாக்கிம் எரேமியாஸின் ஆய்வுகளே பெரிதும் காரணம். ஆனால் இயேசு சிறு குழந்தையைப் போலப் பேசினார் என்று தாமும் ஒருகால் நம்பியதைப் பின்னர் அவரே கைவிட்டார். 1988இல் ஜேம்ஸ் பார், வளர்ந்தோரும் இச்சொல்லையே வழங்கினர் என்றும், கிரேக்கத்தில் குழந்தைச்சொல் இருந்தும் நற்செய்தியாளர் அதை எடாமல் 'பதேர்' என்றே பொருளுரைத்தனர் என்றும் எடுத்துக்காட்டினார். சொல்லின் பிறப்பைக்கொண்டு அதன் பொருளை முடிவு செய்தலாகாது என்பதை 1961ஆம் ஆண்டிலேயே தனி நூலில் வற்புறுத்தியவர் அவர். நம் மாணவர் அந்நூலைத் தேர்வுக்குப் படித்து மேடையில் மறந்துவிடுகின்றனர்.

கூட்டம் முடிந்தபின் ஒரு மலையாளிப் பெரியவர் நம்மோடு பேசிக்கொண்டிருந்தார். கல்வராயன் மலையிற் பெரும்பான்மையாய் வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. அரசின் பட்டியலிலும் அதுவே. அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது அவர்கள் மரபுரை. "எங்க பிள்ளைங்க மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளாவுக்குப் போய், நாங்க மலையாளிங்கன்னு சொன்னா அங்கே சிரிக்கிறாங்க ஐயா" என்றார் அவர். இரு பெயரிலும் நிற்பது ஒரே 'மலை'தான்; வேர் ஒன்று, மக்கள் வேறு. அரமேய அப்பாவும் தமிழ் அப்பாவும் இதற்கு நேர்மாறு: பொருள் ஒன்று, வேர் வேறு. பெயர் ஒன்றாயிருப்பதால் ஊர் ஒன்றாகிவிடாது என்பதைப் போதகரைவிடப் பெரியவர் நன்கறிந்திருந்தார்.

இனி ரோமர் எட்டாம் அதிகாரத்துக்கு வருவோம். பவுல் எழுதிய ரோமாபுரிச் சபையிலும் கலாத்தியச் சபைகளிலும் புறவினத்தார் இருந்தனர். அவர்கள் தாயின் மடியில் கற்ற சொல்லன்று 'அப்பா'. எருசலேமில் வழங்கிய அரமேயச் சொல் அவர்கள் வாயில் வந்ததையே பவுல் சான்றாக நிறுத்துகிறார். அவ்விடத்தில் அவர் பேசுவது புத்திர சுவிகாரத்தைப் பற்றி. சுவிகாரம் பெற்ற பிள்ளை அவ்வீட்டிற் பிறக்காதவன்; அவ்வீட்டின் சொல் அவனுக்குக் கொடுக்கப்படுகிறது. மலைமக்களிடம் இச்சொல் உங்களுடையதே, உங்கள் இரத்தத்தில் உள்ளதே என்று சொல்லும்போது, சுவிகாரத்தின் இடத்திற் பிறப்பை வைத்துவிடுகிறோம். அப்பால் தமிழல்லாத மொழி பேசும் பழங்குடியினரிடம் சென்று என்ன சொல்வோம்? அவர்களுக்கு அத்தந்தை இரண்டாந்தரத் தந்தையோ?

ஆராதனையில் இவ்வசனங்களை வாசிக்கும் ஆயர், 'அப்பா' என்னுமிடத்திற் சற்று நின்று, இது இயேசு பேசிய அரமேயச் சொல் என்று ஒரு வரி கூறினாற் போதும். அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பாக அதையே அச்சிடலாம். வெள்ளிமலைப் பெரியவரிடம் அன்றிரவு இதைச் சொன்னபோது, இயேசுநாதர் ஊர்ப் பேச்சில் வேறு சொற்கள் என்னென்ன என்று கேட்டார். எப்பத்தாவையும் தலீத்தாகூமியையும் சொல்லிக்கொடுத்தோம்.