ஒரு கல், மூன்று எண்கள்

மாமல்லபுரம் செல்வோர் கடற்கரைக் கோயிலைக் காண்பதற்கு முன்பே சிற்பக்கூடங்களின் உளியோசையைக் கேட்டுவிடுவர். அங்கு செதுக்கப்படும் கருங்கல் சிலை ஒன்றை ஓர் அரசு அலுவலகம் வாங்க விரும்புகிறது எனக் கொள்வோம். விலைப்பட்டியலில் பொருளின் பெயருடன் ஒரு குறியீட்டெண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் யாது?

இவ்வெண்களின் மூலம், உலகச் சுங்க அமைப்பு வகுத்து 1988 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த பொருள் வகைப்பாடு. முதல் இரண்டு இலக்கங்கள் அதிகாரத்தையும், நான்கு இலக்கங்கள் தலைப்பையும், ஆறு இலக்கங்கள் உட்தலைப்பையும் குறிக்கும். இந்தியா மேலும் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துள்ளது. துறைமுகத்தில் சுங்கவரி விதிக்கப் பிறந்த இம்முறையே 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரிக்கும் அடிப்படையாயிற்று. அவ்வழியே அரசுக் கொள்முதலுக்குள்ளும் நுழைந்தது.

நம் சிலைக்கு வருவோம். செதுக்கிய கல்லுக்குரிய தலைப்பு 6802. கட்டடக் கல்லும் இதே தலைப்பில்தான் அடங்கும். கலைஞரின் மூலச் சிற்பம் என்றால் 9703. சிற்பி தம் கல்லில் செதுக்காமல், அலுவலகம் தந்த கல்லில் செதுக்கிக் கொடுத்தால் அது பொருளே அன்று, சேவை. அதன் எண் 9988. கல்லும் உளியும் மாறவில்லை. எண் மட்டும் மாறுகிறது.

வரியும் இவ்வாறே. கல்லால் ஆன தெய்வத் திருவுருவத்துக்கு 2018 ஜூலை முதல் வரி இல்லை. அதே கல்லில் செதுக்கிய யானைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடு. அதற்குமுன் 12 விழுக்காடு. வரி உட்பட்ட விலையை ஒப்பிட்டு வாங்குமிடத்தில் இந்த வேறுபாடு சிறிதன்று.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வணிகத் தன்மையுள்ள மரபுவழிக் கைவினைப் பொருள், கலைஞரே படைத்ததாயினும், 9703-இல் சேராது என்கிறது விதி. சிற்ப நூல்கள் கூறும் அளவுகளின்படி செதுக்குவதே நம் சிற்பியின் பெருமை. அந்தப் பெருமையே அவரைக் கலைஞர் வரிசையிலிருந்து விலக்கி, தளக்கல்லுக்கு அருகில் நிறுத்தக்கூடும்! 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் தலைப்பு எண் அதை அறியாது.

குறை எங்கே உள்ளது? தனிம அட்டவணையில் அணு எண் ஒன்றே வரிசையை வகுக்கிறது. இங்கோ ஓரிடத்தில் மூலப்பொருள், ஓரிடத்தில் பயன், ஓரிடத்தில் உரிமை எனப் பல அளவுகோல்கள் கலந்துள்ளன. தெளிவான எல்லைகள் இல்லாமலில்லை. 5 சென்டிகிராம் அல்லது அதனினும் நுண்ணிய எடையை உணரும் தராசு 9016. மற்ற எடைப்பொறிகள் 8423. ஆய்வகத் தராசையும் கடைத் தராசையும் இவ்வாறு பிரிப்பதில் எவருக்கும் ஐயம் எழாது. அளந்து பார்த்தால் போதும். ஆனால் சிற்பத்தின் "மூலத்தன்மை"யை அளக்க எந்தத் தராசு உண்டு?

குறியீட்டெண்களே வேண்டா என்பது நம் கருத்தன்று. நூலகத்தில் நூலைத் தேட எண் உதவுவதுபோல், பல்லாயிரம் பொருள்களிடையே தேடவும் கணக்கு வைக்கவும் அவை இன்றியமையாதன. ஆயினும் அலமாரி எண்ணைப் பார்த்து நூலின் தரத்தை எவரும் முடிவு செய்வதில்லை. 2016-இல் தொடங்கிய அரசு மின் சந்தை போன்ற தளங்களிலும், துறைகளின் ஒப்பந்தப்புள்ளிகளிலும், குறைந்த விலை கேட்பவரைத் தேடுமுன் தேவையை விரித்து எழுத வேண்டும். எந்த வகைக் கல், எவ்வளவு உயரம், கையால் செதுக்கியதா, எந்திரத்தால் வெட்டியதா, யார் பார்த்து ஏற்பது என்பனவே சிலையைத் தீர்மானிப்பவை.

எண் பெயரை மட்டுமே சொல்லும். அதையே தரத்தின் அளவாகக் கொண்டால், நல்ல சிற்பி நட்டமடைவார். அரசுக்கும் நல்ல சிலை கிட்டாது.