புனையா ஓவியம்: நெடுநல்வாடையில் வண்ணமும் ஒளியும்

பழந்தமிழர் ஓவியக்கலை பற்றிய ஆய்வுகளில் நெடுநல்வாடையின் ‘புனையா ஓவியம்’ என்னும் தொடர் பெரிதும் சான்றாகக் காட்டப்பெறுகிறது. வண்ணம் தீட்டாது வடிவத்தை மட்டும் கோட்டால் வரைந்த ஓவியம் என்பதே நச்சினார்க்கினியர் உரையின் கருத்தாகும். கோட்டோவியம் அக்காலத்தே வழங்கியமைக்கு இத்தொடர் சான்றாவது உண்மையே. ஆயின், பாட்டினின்று பிரித்து இதனைக் கலைவரலாற்றுக் குறிப்பாக மட்டும் கொள்ளும்போது, நக்கீரர் வண்ணத்தாலும் ஒளியாலும் உணர்த்தும் துயரம் பார்வைக்குத் தப்பிவிடுகிறது.

அரசியின் இருப்பிடம் வண்ணம் நிறைந்தது. யவனர் இயற்றிய பாவைவிளக்கில் நிறமுடைய சுடர் நிமிர்ந்து எரிகிறது. வெள்ளி போன்ற சுதை, நீலமணி போன்ற கருந்தூண்கள், செம்பு போன்ற சுவர், அதில் பல பூக்களுடன் வளைந்தோடும் கொடி ஆகியவற்றைப் புலவர் முதலில் காட்டுகிறார். இவற்றின் நடுவே பொற்றொடி நீங்கிச் சங்குவளையும், பூந்துகில் நீங்கி மாசேறிய கலிங்கமும் உடையவளாக அரசி தோன்றுகிறாள். மோதிரத்தின் செந்நிறம் மட்டும் அவள் விரலில் எஞ்சியுள்ளது. இவற்றையெல்லாம் கூறிய பின்னரே உவமை வருகிறது. புனைதல் என்னும் சொல் அணிதலையும் தீட்டுதலையும் ஒருங்கே குறிக்கும். எனவே அணி துறந்த நிலையும் வண்ணம் பெறாத நிலையும் அவளிடம் ஒன்றாகின்றன.

அவ்வறையில் மற்றோர் ஓவியமும் உண்டு. கட்டிலின் மேற்கட்டியில் திங்களும் அவனைப் பிரியா உரோகிணியும் எழுதப்பட்டுள்ளனர். அதனை நோக்கி அரசி பெருமூச்செறிகிறாள். மேலே முற்றுப்பெற்ற ஓவியம். கீழே முற்றுப்பெறாத ஓவியம். கீழுள்ளதை முற்றுவிக்க வேண்டியவன் பாசறையில் இருக்கிறான்.

பாசறைக் காட்சியிலும் விளக்குகள் எரிகின்றன. வாடை வீசுந்தோறும் அவற்றின் சுடர்கள் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. வேந்தனோ நள்ளிரவிலும் உறங்காது புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான். அரண்மனையில் நிமிர்ந்த சுடரும் பாசறையில் இறைஞ்சிய சுடரும் ஒரே இரவின் இரு பக்கங்களாகின்றன.

நெடுநல்வாடை அகமா புறமா என்னும் விவாதம் வேலில் கட்டிய வேம்பைக் கொண்டே பெரிதும் நிகழ்ந்து வந்துள்ளது. வேம்பு தலைவனை இன்னான் எனச் சுட்டுவது உண்மை. எனினும் அகத்தையும் புறத்தையும் பாட்டினுள் பிணைப்பது ஒளியே. அவ்வொளியில் வண்ணமின்றிக் காணப்படும் ஒருத்தியே பாட்டின் மையம். சூழ எங்கும் வண்ணம் இருக்க, ஓர் உருவத்திற்கு மட்டும் அதனை மறுப்பதன் வாயிலாகவே நக்கீரர் பிரிவைக் காட்சியாக்கியுள்ளார் எனலாம்.